கழுவுவதற்கு முன்

பழைய டீசல் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் பின்னால் வருகிறவருக்குத்தான் முதலில் தெரியும். மேடேறும்போது கருப்பாகக் கக்கும். பைக்கில் வருகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்திப் போவார். மெக்கானிக்கும் அந்தப் புகையைப் பார்த்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார். கருப்பு என்றால் டீசல் அதிகம், இல்லையென்றால் காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது, அல்லது எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே போகிறது.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் இந்த ஜோசியம் பலிப்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தால்கூட விரலில் கரி ஒட்டாது. கரி உற்பத்தி நின்றுவிடவில்லை. அது வெளியே வராமல் வண்டிக்குள்ளேயே ஒரு டப்பாவில் சேர்கிறது. டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் என்பது அதன் முழுப்பெயர். பட்டறையில் டி.பி.எஃப். டிரைவர்கள் வாயில் வெறும் ஃபில்டர்.

இந்தியா பி.எஸ்.4-லிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி நேராக பி.எஸ்.6-க்குக் குதித்தபோது வந்த மாற்றம் இது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்று அனுமதித்த துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. டீசலில் இருந்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இவ்வளவு இறங்க வேண்டுமென்றால் இன்ஜினைத் திருத்தினால் மட்டும் போதாது, கரியைப் பிடித்து வைக்க ஒரு டப்பா வேண்டும். பிரான்சில் பெஜோ 607 என்ற கார் 2000-ஆம் ஆண்டிலேயே இந்த டப்பாவோடு விற்பனைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கு அந்தப் பக்கம் கோட்டை, இந்தப் பக்கம் நாங்கள். தமிழ்ச் சமணர்களின் மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயிலும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து சாமி கும்பிட வருகிறவர்கள் பலர் திண்டிவனத்தில் ரயிலிலோ பஸ்ஸிலோ இறங்குவார்கள். அவர்களைக் கூட்டி வந்து, ஊரைக் காட்டி, செஞ்சிக்கோட்டை வரை கொண்டுபோய் விட்டுவருவது என் அண்ணனின் பிழைப்பு. 2021 மாடல் டீசல் காரை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறார். மாதம் ஐந்தாம் தேதி டியூ.

இந்த ஓட்டத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து செஞ்சி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஓட்டி முடித்து இன்ஜினை நிறுத்துவார். இரண்டு மணி நேரம் காத்திருப்பு. மறுபடி பத்து கிலோமீட்டர். சவாரி இல்லாத நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. வழியில் அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே உளுந்தையும் நெல்லையும் பரப்பி வைத்திருப்பார்கள், அங்கே வண்டி ஊர்ந்துதான் போகும். கிலோமீட்டர் ஏறுகிறது. ஆனால் ஒரே மூச்சில் நாற்பது நிமிஷம் வேகமாக ஓடிய நாட்கள் மாதத்தில் இரண்டோ மூன்றோதான்.

ஃபில்டருக்கு இது ஆகாது. காரணம் புரிய வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

டப்பாவுக்குள் இருப்பது பீங்கான் தேன்கூடு. ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். ஒரு குழலுக்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும், பக்கத்துக் குழலுக்கு முன்வாய் அடைத்துப் பின்வாய் திறந்திருக்கும். உள்ளே வந்த புகைக்கு நேராகப் போக வழி இல்லை. குழலின் சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாகக் கசிந்து அடுத்த குழலுக்குப் போக வேண்டும். வாயு போய்விடும். கரி சுவரில் தங்கிவிடும்.

எங்கள் பாட்டி கிணற்றுத் தண்ணீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார். சமண வீடுகளின் பழைய வழக்கம். வடிகட்டி முடித்ததும் துணியை உதறிவிட மாட்டார். வடிகட்டிய தண்ணீரையே துணியின் மறுபக்கம் ஊற்றி, அதில் தங்கியதை வாளியில் இறக்கி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கிக் கவிழ்ப்பார். பிடிபட்ட சிற்றுயிர் வந்த இடத்துக்கே போக வேண்டும் என்பது கணக்கு. வடிகட்டுவதில் பிடிப்பது ஒரு வேலை, பிடித்ததை என்ன செய்வது என்பது இன்னொரு வேலை. காரின் ஃபில்டருக்கும் அந்த இரண்டாவது வேலை உண்டு. அங்கேதான் தகராறு எல்லாம் வருகிறது.

சேர்ந்த கரியை எரித்து வாயுவாக்குவதுதான் அந்த வேலை. ரீஜெனரேஷன் என்பார்கள். பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரி கரைந்துகொண்டிருக்கும். அது போதாதபோது வண்டியின் கம்ப்யூட்டர் தானாக இறங்கி, கூடுதலாக டீசல் தெளித்து, ஃபில்டரின் சூட்டை 600 டிகிரி வாக்கில் ஏற்றி, பதினைந்து இருபது நிமிஷத்தில் எரித்து முடிக்கும். நடுவில் நாம் இன்ஜினை நிறுத்திவிட்டால் வேலை அரைகுறையாக நின்றுபோகும். கரி எரிந்துவிடும். ஆனால் இன்ஜின் ஆயிலில் இருக்கும் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது வருஷக்கணக்கில் அடியில் படிந்துகொண்டே போகும். கழற்றிக் கழுவினால்தான் போகும்.

ஆக, ஃபில்டர் அடைத்திருக்கிறது என்ற ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. சாம்பல் நிறைந்திருக்கலாம். கரி எரியாமல் தேங்கியிருக்கலாம். அளவுக்கு மீறிக் கரி வந்துகொண்டிருக்கலாம். ஒன்றுமே அடைக்காமல், அடைத்திருப்பதாக ஒரு சென்சார் பொய் சொல்லலாம். கழுவினால் முழுசாகத் தீர்வது முதலாவது மட்டும்தான்.

போன வருஷம் அண்ணனின் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு நாளில் இழுவை போய்விட்டது, அறுபதைத் தாண்டவில்லை. பெரிய ஊர் ஒன்றில் ஒரு பட்டறையில் காட்டினார். பத்து நிமிஷம் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ 24 ஆயிரம். அதிலும் சரியாகவில்லை என்றால் புதுசு போட வேண்டும், அது லட்சத்துக்கு மேல். தாளில் ஒரே ஒரு பழுதுக் குறியீடு இருந்தது: பி2463. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

அன்றைக்குச் சாயந்திரமே தெரிந்தவர் ஒருவர் போனில் இன்னொரு வழி சொன்னார். "எதுக்கு அவ்ளோ காசு? உள்ள இருக்கறத ஒடச்சி எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல லைட்ட அணைச்சி வுட்டுருவாங்க. பதினஞ்சாயிரத்துல முடிஞ்சிடும். அப்புறம் இந்தத் தொல்லையே கெடையாது."

அந்த மாதம் பிள்ளைகளுக்கு ஃபீஸும் கட்ட வேண்டியிருந்தது. அண்ணி இரண்டு தொகையையும் ஒரு காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தார். 24, 15. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வீட்டில் பேச்சு ஓடியது. வண்டிக்கு என்ன என்பதை யாரும் பேசவில்லை. தாளில் எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன?

செஞ்சியில் ஒரு பாய் இருக்கிறார். டிராக்டர் பம்பு பிரித்துக் கைநாள் ஆரம்பித்தவர். இப்போது அவர் மேசையில் ஸ்பானர்களுக்கு நடுவே ஒரு ஸ்கேனர் டேப்லெட் கிடக்கிறது. அண்ணன் தாளை நீட்டினார். பாய் அதை வாங்கி, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கழுவலாம் தம்பி. கழுவுனா கரி போயிடும். அந்தக் கரி ஏன் அங்க ஒக்காந்துச்சின்னு யாருனா சொன்னாங்களா?"

அன்றைக்கு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் சாவியைப் போட்டார், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு சின்னக் குழாய்கள் போய் ஒரு சென்சாரில் சேர்கின்றன. இரண்டு பக்கமும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசத்தை அது அளக்கிறது. இன்ஜின் ஓடாதபோது புகையே இல்லை, வித்தியாசம் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். அப்போதே இருபது முப்பது மில்லிபார் காட்டினால் சென்சார் கெட்டிருக்கிறது. எடை போடும் முன் தராசின் முள்ளைப் பார்க்கிற மாதிரி. எங்கள் வண்டியில் பூஜ்யம் காட்டியது. பிறகு கீழே படுத்து அந்தக் குழாய்களைக் கையால் வளைத்துப் பார்த்தார். சூட்டில் ரப்பர் வெடித்திருக்கலாம், உள்ளே தண்ணீரும் கரியும் அடைத்திருக்கலாம். முன்பக்கக் குழாய் வெடித்திருந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், ஃபில்டரே இல்லை என்றுகூட கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். எங்களுடையது நன்றாக இருந்தது.

அடுத்து ஸ்டார்ட் செய்தார். சும்மா நிற்கும்போது சுத்தமான கார் ஃபில்டரில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மில்லிபாருக்குள் நிற்கும். வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி சொல்லும் அளவுதான் கடைசி வார்த்தை. எங்கள் வண்டியில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து மூவாயிரம் சுற்றுக்குக் கொண்டுபோனபோது சரசரவென்று ஏறியது. ஓடிய ஓட்டத்தை வைத்துக் கம்ப்யூட்டர் தானாகப் போட்டு வைத்திருக்கும் கரிக் கணக்கும் இதோடு ஒத்துப்போனது. ஆக, கரி நிஜமாகவே இருக்கிறது. சாம்பல் கணக்கைப் பார்த்தார். பாதிகூட நிறையவில்லை.

பிறகு கேட்ட கேள்விதான் முக்கியம். கடைசியாக எப்போது முழுசாக எரித்தது? ஸ்கேனரில் அதுவும் இருந்தது. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தது. வழக்கமாக எங்கள் வண்டி முந்நூறு, நானூறுக்கு ஒரு முறை எரித்துவிடும் என்று பழைய பதிவு சொன்னது.

"சின்ன ஓட்டம், அதனாலதான்" என்றார் அண்ணன்.

"சின்ன ஓட்டம் போன வருசமும்தான ஓட்டுன? அப்ப எரிச்சிருக்கே."

பாய் டேப்லெட்டை அண்ணன் மடியில் வைத்துவிட்டு, "வா, ஒரு ரவுண்டு போவோம்" என்று திருவண்ணாமலை ரோட்டில் வண்டியை விட்டார். நான் பின்சீட்டில் இருந்தேன். திரையில் எத்தனையோ எண்கள் ஓடினாலும் அவர் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னார். இன்ஜின் தண்ணீரின் சூடு. ஐம்பது, அறுபது, அறுபத்தாறு. அங்கேயே நின்றுவிட்டது. வேகம் கூடியபோது அறுபத்து மூன்றுக்கு இறங்கியது. இருபது நிமிஷம் ஓடிய டீசல் வண்டி எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பது அதன் வேலை. அது மூடாததால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்ஜின் போதுமான அளவு சூடேறாமல் கரியை எரிக்க கம்ப்யூட்டர் அனுமதிக்காது. மாதக்கணக்கில் அது காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் இந்த வண்டியில் கிடையாது. குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், அறுபது வாக்கில் அது அணைந்துவிடும். அதனால் ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பி, இன்னும் உறுதியாகாத குறியீடுகள் இருக்கும் பக்கத்தைப் பாய் திறந்தார். பி0128. இன்ஜின் போதுமான சூட்டை எட்டவில்லை என்று அதற்குப் பொருள். இதுவும் வண்டிக்குள்ளேதான் இருந்தது. 24 ஆயிரம் தாளில் இல்லை.

புது தெர்மோஸ்டாட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம். மாட்டிய பிறகு ஸ்கேனர் வழியாகக் கட்டாயமாக எரிக்க வைத்தார். அதற்கு முன்னால் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். அரைகுறையாக நின்றுபோன ஒவ்வொரு எரிப்பிலும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கிக் கலந்திருக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் அது ஆபத்து. எங்கள் வண்டியில் கூடியிருந்தது. ஆயிலை மாற்றினார். ஃபில்டர் வண்டிக்கென்று சாம்பல் குறைந்த ஆயில் வருகிறது, டிராக்டருக்கு வாங்கி வைத்ததை இதில் ஊற்றக் கூடாது என்று டப்பாவைக் காட்டிச் சொன்னார். வண்டியை ஷெட்டுக்குள் வைக்காமல் வெளியே வெறுந்தரையில் நிறுத்தினார். அடிப்பக்கத்தில் சுற்றியிருந்த வைக்கோலைக் கம்பியால் இழுத்துப் போட்டார். அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் மிச்சம் வண்டி இருக்காது.

அரை மணி நேரம் கழித்து அழுத்தம் பழைய நிலைக்கு இறங்கியிருந்தது.

இதை மலிவு வைத்தியத்தின் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பட்டறையில் கழற்றிக் கழுவியே ஆக வேண்டிய வண்டி ஒன்று நின்றிருந்தது. நிறைய ஓடியது, சாம்பல் நிறைந்தது. இன்னொன்றில் கரி எல்லை தாண்டிவிட்டதால் ஸ்கேனரே எரிக்க மறுத்தது. அவ்வளவு கரி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் பீங்கான் உருகிவிடும். அதையும் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றுவதற்கு முன்னால், இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது என்று இன்ஜெக்டரையும், ஈ.ஜி.ஆர். வால்வையும், டர்போவிலிருந்து போகும் காற்றுக்குழாயையும் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகும் இன்ஜெக்டரை அப்படியே விட்டுவிட்டு ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டினால் சில மாதத்தில் அதே விளக்கு எரியும். அதே பில்லும் வரும். கழுவக் கொடுப்பதாக இருந்தால் கழுவும் முன் அழுத்தம் எவ்வளவு, கழுவிய பின் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்கச் சொன்னார். கம்பி விட்டுக் குத்துவேன், தட்டி எடுப்பேன் என்கிறவரிடம் கொடுக்கவே வேண்டாம் என்றார்.

அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் யோசனையையும் அண்ணன் அவரிடம் கேட்டுப் பார்த்தார். பாய் கோபப்படவில்லை. "எடுத்திருந்தா ஒன் வண்டி இப்பவும் அறுபத்தஞ்சுலதான் ஓடிட்டிருக்கும். டீசல் கூடக் குடிக்கும். ஒனக்கு ஏன்னே தெரிஞ்சிருக்காது" என்றார்.

நான் அதற்கு மேலும் கொஞ்சம் யோசித்தேன். வண்டியில் இப்படி மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 190(2)-இன்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. சட்டத்தை விடுங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் முதல் வகுப்பில் சேர்த்தது. தேன்கூட்டை உடைத்து எடுத்த வண்டி கக்கும் கரி எங்கே போகும்? சவாரிக்காகக் காத்திருக்கும்போது ஏ.சி. போட்டு வண்டியை ஓடவிட்டு நிறுத்துவது கோயில் வாசலில். ஓடிவந்து பின்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும். புகைக்குழாய் அவர்கள் இடுப்பு உயரம்கூட இல்லை.

அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்லிவிடவும் முடியாது. இந்த டப்பா நீண்ட சாலைகளை நம்பிச் செய்தது. எங்கள் வாழ்க்கை பத்துக் கிலோமீட்டர் வாழ்க்கை. இப்போது சவாரி வராத வாரத்தில் அண்ணன் காலையில் எழுந்து, யாருக்காகவும் இல்லாமல், ஃபில்டருக்காகவே திருவண்ணாமலை ரோட்டில் அரை மணி நேரம் போய்த் திரும்புகிறார். காற்றைச் சுத்தமாக வைத்திருக்க டீசலை எரிக்க வேண்டியிருக்கிறது. அந்த டீசல் செலவு எந்தச் சவாரியிலும் சேராது. கிராமத்தில் குட்டி ஓட்டம் ஓட்டப் போகிறேன் என்று சொல்லி டீசல் கார் வாங்க வருகிறவரிடம் விற்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும். அடுத்த வண்டி டீசலாக இருக்காது என்று அண்ணி முடிவே எடுத்துவிட்டார்.

டேஷ்போர்டில் அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். முன்பு சவாரி, கிலோமீட்டர், டீசல் மட்டும் எழுதுவார். இப்போது நான்காவதாக ஒரு பத்தி இருக்கிறது. பாயிடம் போகும்போதெல்லாம் கடைசியாக எரித்த தேதியும் அழுத்தமும் அதில் ஏறுகின்றன. சுற்று வட்டாரத்தில் டீசல் டாக்ஸி ஓட்டும் நாலைந்து பேர் இப்போது அவருக்குப் போன் செய்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர் பேசினார். மஞ்சள் விளக்கு எரியுதுண்ணா, முப்பதாயிரம் கேக்கறாங்க, குடுக்கலாமா என்று பதற்றமாகக் கேட்டார்.

"காச அப்புறம் பேசலாம்" என்றார் அண்ணன். "இன்ஜின ஆஃப் பண்ணி வெறும் சாவி மட்டும் போட்டப்ப, அந்த அழுத்தம் எவ்ளோ காட்டுச்சி? அதக் கேட்டுட்டு வா."